சின்ன வயசுத் தீபாவளிப் படத்தை மறுபடியும் வீட்டில் ஓட்டுவது எப்படி

தீபாவளி மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டில் வருஷா வருஷம் ஒரே காட்சிதான். டிவியில் என்ன படம் என்று பெரியவர்கள் கேட்பார்கள், பிள்ளைகள் ஆளுக்கொரு போனோடு மூலைக்கொருவராக ஒதுங்கியிருப்பார்கள், யாராவது ஒருவர் "நம்ம காலத்துல தீபாவளின்னா படம்தான்" என்று ஆரம்பிப்பார், அதையே அரை மணி நேரம் பேசிவிட்டு எல்லோரும் அப்படியே தூங்கிப் போவார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால், பேசினது போதும், அந்தப் படத்தையே போட்டுவிடலாம் என்று நான் இறங்கினேன். முதல் வருஷம் மொத்தமாகச் சொதப்பியது. இரண்டாவது வருஷம் பாதி சொதப்பியது. இப்போது கை கொஞ்சம் பழகியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

மேல்நாட்டில் கிறிஸ்துமஸ் படம் என்றால் கதைக்குள்ளேயே கிறிஸ்துமஸ் வரும், பனி கொட்டும், கடைசியில் குடும்பம் ஒன்று சேரும். நம் தீபாவளிப் படத்தில் தீபாவளி இருக்க வேண்டிய அவசியமே இல்லை, அன்றைக்கு ரிலீஸ் ஆகியிருந்தால் போதும். 1987 தீபாவளிக்கு நாயகனும் மனிதனும் வந்தன. 1991-இல் தளபதியும் குணாவும். 1992-இல் தேவர் மகனும் பாண்டியனும். இதில் எந்தப் படத்தில் மத்தாப்பு கொளுத்திச் சிரிக்கிறார்கள்? பண்டிகை படத்துக்கு வெளியே இருந்தது. சீயக்காய் வாசனை போகாத தலை, கழுத்தை அறுக்கும் புதுச்சட்டைக் காலர், விரலில் ஒட்டிய பட்டாசு மருந்து, மடியில் முறுக்குப் பொட்டலம், பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் சித்தி பிள்ளைகள். ஆக, படத்தைத் தேடிப் பிடித்துப் போட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. முதல் வருஷம் எனக்கு இது தெரியவில்லை.

சரி, எந்தப் படம்?

வீட்டில் பெரியவர்களிடம் படத்தின் பெயரைக் கேட்காதீர்கள். "அம்மா, சின்ன வயசுல பார்த்த படம் என்ன?" என்றால் "என்னமோ பார்த்தோம், போ" என்று முடித்துவிடுவார். யாரோடு போனீர்கள், நடந்தா வண்டியிலா, தரை டிக்கெட்டா பெஞ்சா, திரும்பி வரும்போது தூங்கிப் போனது யார், தோளில் தூக்கி வந்தது யார், இப்படிக் கேளுங்கள். என் அம்மாவிடம் இப்படிக் கேட்டபோது, தேர்ச் சக்கரம் மண்ணில் புதைந்ததும் தான் ஓவென்று அழுததும் பெரிய மாமா மண்டையில் குட்டியதும் வரிசையாக வந்தன. மாமாவுக்கு போன் போட்டால் அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஏ புள்ள, நாம அன்னைக்குப் பார்த்தது எம்ஜியார் படம்லா!" இருவர் சொன்னதும் சரிதான். 1964 பொங்கலன்று கர்ணனும் வேட்டைக்காரனும் ஒரே நாளில் வந்தன. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்குப் பொங்கல் படம் ஆடி மாதத்தில்தான் வந்து சேரும், ஒன்று மாற்றி ஒன்றாக. அதனால் படம் வந்த தேதியும் நீங்கள் பார்த்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். ஊர்க் கொடைக்குப் பார்த்த பொங்கல் படமும் பண்டிகைப் படம்தான்.

வருஷத்தைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. படத்தை விட்டுவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று யோசியுங்கள். ரஜினியின் முத்து படம் பார்த்தது எந்த வருஷம் என்று எனக்கும் தம்பிக்கும் பந்தயம். எனக்கு ஞாபகம் வந்தது என்னவென்றால், படம் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலையில் அம்மா எங்களை வெளியே விடாமல் கதவைச் சாத்திவைத்தது. சூரிய கிரகணம். 1995 அக்டோபர் 24, வடக்கே முழுக் கிரகணம், நம் பக்கம் பாதி. அதற்கு முதல் நாள் தீபாவளி, முத்துவும் குருதிப்புனலும் வந்தது அன்றுதான். (அப்பாவுக்குக் குருதிப்புனல் போக ஆசை. பாட்டே இல்லாத படத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதா என்று அம்மா தடுத்துவிட்டார். பிற்பாடு பார்த்தபோது அம்மா செய்தது நல்லது என்று தோன்றியது.) கிரகணம், வெள்ளம், தேர்தல், உலகக் கோப்பை, வீட்டில் யாருக்காவது குழந்தை பிறந்தது, பாட்டி செத்துப்போன வருஷம் தீபாவளி இல்லாமல் போனது, இப்படி ஏதாவது ஒன்று ஆணி அடித்த மாதிரி மனதில் இருக்கும். வருஷம் கிடைத்துவிட்டால் "1995 தீபாவளி படங்கள்" என்று தேடினாலே போதும்.

பெயரும் தெரியாது, வருஷமும் தெரியாது, ஆனால் பாட்டு மட்டும் வாயில் வருகிறது என்றால் கூகுள் செயலியில் பத்து பதினைந்து விநாடி முணுமுணுத்துக் கேட்கலாம். இளையராஜா பாட்டு என்றால் பெரும்பாலும் பிடித்துவிடுகிறது, என் குரலிலேயே பிடித்துவிடுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல், இரண்டு படம் ஒட்டி ஒரே படமாக ஞாபகத்தில் இருப்பது. சர்க்கஸில் குள்ளக் கமல் இருப்பதும் மலை விளிம்பில் வீடு ஆடுவதும் ஒரே படம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். முதலாவது அபூர்வ சகோதரர்கள், 1989 சித்திரைப் பிறப்புக்கு வந்தது. இரண்டாவது மைக்கேல் மதன காமராஜன், 1990 தீபாவளிப் படம். இரண்டுக்கும் கமல்தான், சிங்கீதம் சீனிவாச ராவ்தான், இரண்டிலும் ஒரே ஆள் பல வேஷம். குழம்பாமல் என்ன செய்யும்! இப்படி ஒரு காட்சிக்காகப் படத்தைப் போட்டுவிட்டு அந்தக் காட்சி வரவே வராமல் உட்கார்ந்திருப்பது ரொம்பச் சங்கடம், அதனால் அந்தக் காட்சியை முதலில் தனியாகத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

எங்கே பார்த்தோம் என்பதையும் பிரித்துக்கொள்ள வேண்டும். படத்துக்கு முன்னால் பட்டிமன்றம் ஞாபகம் வந்தால் அது டிவியில் பார்த்தது. தமிழில் சன் டிவி வந்தது 1993 ஏப்ரல் 14, அதற்கு முன்னால் நமக்கு ஞாயிறு சாயங்காலம் தூர்தர்ஷன் போடும் படம்தான் கதி. "திரைக்கு வந்து சில மாதங்களே ஆன" என்று அந்தக் குரல் சொல்வது காதில் விழுகிறதா? அப்படியென்றால் நீங்கள் 90களுக்குப் பிந்திய ஆள், உங்கள் தீபாவளிப் படம் நிஜத்தில் அந்த வருஷத்துத் தீபாவளிப் படமாக இருக்காது.

கோயில் கொடைக்கோ காதுகுத்துக்கோ டெக், அதாவது வீடியோ கேசட் ஓட்டும் பெட்டி, வாடகைக்கு எடுத்துப் பார்த்தது என்றால் கதையே வேறு. விடிய விடிய மூன்று படம். முதலில் ஒரு சாமி படம், அது கட்டாயம். அடுத்தது பெரியவர்களுக்காக எம்ஜியாரோ சிவாஜியோ. ரஜினி படமோ கமல் படமோ மூன்றாவதாகத்தான் போடுவார்கள், அதற்குள் பிள்ளைகள் பாயில் சுருண்டிருக்கும். ஆக, டெக்கில் பார்த்த படத்தின் கிளைமாக்ஸ் உங்களுக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அது மறுநாள் காலையில் யாரோ சொன்ன கதை. முதல் படத்தின் இடத்தில் சில சமயம் விட்டலாச்சாரியாவின் மாயாஜாலப் படமும் வரும். பேய் அடுப்பில் விறகுக்குப் பதில் தன் காலை வைத்து எரிப்பது உங்கள் கனவில் வந்ததுண்டு என்றால் நீங்கள் தேடுவது ஜெகன்மோகினி, 1978, தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்தது. இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்துப் பயப்பட மாட்டார்கள், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நமக்குக் கொஞ்சம் மானக்கேடாக இருக்கும், பரவாயில்லை.

பிரிண்ட் பார்த்து எடுங்கள்

இரண்டாவது வருஷம் நான் அடிபட்டது இங்கேதான். படத்தை யூடியூபில் பார்த்து வைத்துக்கொண்டு, முதல் ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்து, சரி நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு உட்கார்ந்து பார்த்தால் பாட்டு ஒன்றைக்கூடக் காணோம், நடுவில் கதை ஒரு தாவு தாவுகிறது, அத்தை "ஏலே, இந்தப் பொம்பள எப்பச் செத்தா?" என்று கேட்கிறார், எனக்குப் பதில் தெரியவில்லை.

அதனால் முதலில் படத்தின் நீளத்தைப் பாருங்கள். 90களின் பெரிய படம் என்றால் இரண்டரை மணி நேரத்துக்குக் குறைவது அபூர்வம். கர்ணன் மாதிரிப் பழைய படம் மூன்று மணி நேரத்தைத் தொடும். ஒரு மணி ஐம்பது நிமிஷம் என்று போட்டிருந்தால் யாரோ கத்தரி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஐந்தாறு நிமிஷம் குறைந்தால் பதற வேண்டாம், அதற்கு வேறு காரணம் இருக்கலாம். தியேட்டரில் விநாடிக்கு 24 படச்சட்டம் ஓடும், நம் ஊர் பழைய டிவி, வீடியோ முறையில் 25. கேசட்டிலிருந்தோ அந்தக் கால டிவிடியிலிருந்தோ எடுத்த படம் நூற்றுக்கு நாலு பங்கு வேகமாக ஓடும், 160 நிமிஷப் படம் 154 நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். குரலும் ஒரு இழை மேலே ஏறியிருக்கும். நாம் சின்ன வயதில் டிவியில் கேட்டது அந்தக் குரல்தான் என்பதால் பெரும்பாலும் கண்டுபிடிக்க மாட்டோம். அதைத் தாண்டி, பாட்டுக் குரல் குழந்தை பாடுகிற மாதிரி கீச்சென்று இருந்தால் அது திருட்டுத்தனமாக ஏற்றியவர் மாட்டிக்கொள்ளாமல் இருக்கச் செய்த வேலை. அதை விட்டுவிடுங்கள். உரிமை வைத்திருக்கும் நிறுவனத்தின் சொந்தச் சேனலிலோ காசு கட்டிப் பார்க்கும் தளத்திலோ இருக்கிறதா என்று தேடுங்கள். டெலிகிராமில் லிங்க் அனுப்புகிறேன் என்று ஒரு மச்சான் எல்லா வீட்டிலும் இருப்பார், அவரிடம் முறுக்கு சுடச் சொல்லுங்கள்.

அடுத்தது ஓரம். 50, 60களின் படங்கள் கிட்டத்தட்டப் பழைய டிவிப்பெட்டி வடிவத்தில்தான் எடுக்கப்பட்டன, தமிழில் சினிமாஸ்கோப் என்கிற அகலப் படம் வந்ததே 1973-இல் ராஜராஜ சோழனோடுதான். இப்போது அந்தப் பழைய படங்களை அகல டிவிக்காக மேலும் கீழும் வெட்டிப் போடுகிறார்கள், சிவாஜியின் கிரீடம் பாதி போய்விடுகிறது. இல்லையென்றால் இழுத்துவிடுகிறார்கள், எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். ஸ்கோப் படத்துக்கு இதுவே தலைகீழ். அப்போது டிவிக்காக இரண்டு பக்கமும் வெட்டினார்கள், இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் இரண்டு மூக்கு மட்டும் தெரியும். மைக்கேல் மதன காமராஜனை முழு அகலத்தில் முதல் முறை பார்த்தபோது, ஓரத்தில் நிற்பவர்கள் செய்யும் சேஷ்டையே தனிப் படம் மாதிரி இருந்தது. கறுப்புப் பட்டை மேலும் கீழும் தெரிகிறதே என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். ரிமோட்டை எடுத்து இழுத்துவிடுவார்கள். விடாதீர்கள்.

மாயா பஜாரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1957-இல் அதைத் தமிழிலும் தெலுங்கிலும் தனித்தனியாக எடுத்தார்கள், தமிழில் அபிமன்யு ஜெமினி கணேசன், தெலுங்கில் நாகேஸ்வர ராவ். 2010-இல் வண்ணம் பூசி வெளியிட்டது தெலுங்குப் படத்தை. ஆகவே கலரில் கிடைத்தால் சந்தோஷத்தில் துள்ளாமல் முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். தமிழ் வேண்டுமென்றால் கறுப்பு வெள்ளைதான், அதில் ஒரு குறையும் இல்லை. மை டியர் குட்டிச்சாத்தானைத் தேடுகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை, 1984-இல் அது வந்தபோது நாட்டின் முதல் 3டி படம், திரையிலிருந்து நீண்டு வந்த ஐஸ்கிரீமைப் பிடிக்கக் கையை நீட்டாத பிள்ளை கிடையாது. வீட்டு டிவியில் கண்ணாடி இல்லாமல் பார்த்தால், எதற்கு இவர்கள் எல்லாப் பொருளையும் கேமராவை நோக்கி நீட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தப் படத்தைப் பிறகு புதுக் காட்சிகள் சேர்த்தும் வெளியிட்டார்கள், அதனால் உங்களுக்கு ஞாபகமில்லாத ஆட்கள் வந்தால் திகைக்க வேண்டாம். பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடக்கும் பாட்டு மட்டும் 3டி இல்லாமலும் அசத்தும். அறையையே சுழலும்படி கட்டி எடுத்தது அது.

முழுப் படத்தையும் முன்கூட்டியே நீங்கள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்

இதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். முதல் வருஷம் நான் போட்டது அஞ்சலி. ஏன் என்றால் எனக்கு ஞாபகம் இருந்தது அந்தக் குடியிருப்பும், கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் போடும் ஆட்டமும், இளையராஜாவும்தான். அவருக்கு அது 500-ஆவது படம். பிள்ளைகள் நிறைந்த படம், பிள்ளைகளுக்குப் போடலாம் என்று போட்டேன். கடைசியில் அந்தக் குழந்தை செத்துப்போவது எனக்கு எப்படி மறந்தது என்று இன்றுவரை புரியவில்லை. என் தங்கை மகள், ஆறு வயது, அந்தப் படுக்கைக் காட்சி வந்ததும் தேம்ப ஆரம்பித்தாள், அவளைப் பார்த்து மற்றதெல்லாம் அழ, அம்மாவும் அத்தையும் முந்தானையால் கண்ணைத் துடைக்க, தீபாவளி சாயங்காலம் வீடு எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. புஸ்வாணம் கொளுத்தக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. நல்ல படம், தேசிய விருதெல்லாம் வாங்கின படம். வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயது மூளை வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கீழே போட்டுவிடுகிறது. ராஜா சின்ன ரோஜா என்றால் நமக்கு ரஜினி கார்ட்டூன் மிருகங்களோடு ஆடும் பாட்டுதான், ஆனால் கதையில் போதை மருந்து ஓடுகிறது. குட்டிச்சாத்தான் குடிக்கும், மடமடவென்று. தேவர் மகன் பெரியவர்களுக்குப் பொக்கிஷம், ஆனால் எட்டு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கிளைமாக்ஸைப் பார்க்க முடியாது, எங்களை எப்படித்தான் கூட்டிப்போய் உட்கார வைத்தார்களோ! அந்தக் காலத்து யு சான்றிதழையும் நம்பி இறங்க வேண்டாம், இன்றைக்கு நாம் பார்க்கும் கண் வேறு. இரத்தத்தைவிட என்னைச் சங்கடப்படுத்துவது காமெடிதான். கறுப்பாக இருப்பவரை, குண்டாக இருப்பவரை, பொண்டாட்டியை அடிப்பதை வைத்து எத்தனை நகைச்சுவை! நாம் இவ்வளவுக்கா சிரித்தோம் என்று இருக்கும். நான் அதையெல்லாம் ஓட்டிவிடுவதில்லை, படம் ஓடும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விடுவேன். என் தங்கை ஓட்டிவிடுவாள். உங்கள் வீடு, உங்கள் இஷ்டம்.

இதுவரை தோற்காத படங்கள் என்று கேட்டால், சின்னப் பிள்ளைகள் அதிகம் என்றால் மாயா பஜார். ரங்காராவ் உட்கார்ந்து கல்யாணச் சாப்பாட்டை ஒற்றை ஆளாகக் காலி செய்யும் அந்தப் பாட்டில், லட்டு தானாகப் பறந்து வாய்க்குள் போகும்போது நாலு வயதும் எண்பது வயதும் ஒரே மாதிரி வாயைப் பிளப்பதை நான் கண்ணால் பார்த்தேன். பத்து வயதுக்கு மேல் என்றால் மைக்கேல் மதன காமராஜன். கிரேஸி மோகன் வசனம் அவ்வளவு வேகம், இன்றைய பிள்ளைகளுக்கு முதலில் பிடிபடாது, பாலக்காட்டுத் தமிழும் புதிது, அதனால் சாம்பாரில் மீன் விழும் இடம் வரைக்கும் பொறுமையாக இருங்கள், அதற்கப்புறம் அவர்களே ரிவைண்ட் கேட்பார்கள். 2000 தீபாவளிக்கு வந்த தெனாலியும் ஓடும், கமல் பேசும் இலங்கைத் தமிழை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒரு வாரம் பேசிக்கொண்டு திரிந்தார்கள். 2001 பொங்கலுக்கு வந்த ப்ரண்ட்ஸில் நேசமணியின் தலையில் சுத்தியல் விழும் காட்சி அவர்களுக்கு மீம் வழியாக ஏற்கெனவே தெரியும், முழுப் படத்திலிருந்து வந்தது என்பதுதான் தெரியாது.

யாருடைய படத்தைப் போடுவது என்பதில் ஓட்டெடுப்பு வைக்காதீர்கள், வைத்தால் எப்போதும் என் வயதுக்காரர்கள்தான் ஜெயிப்போம், எண்ணிக்கை அப்படி. முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பண்டிகைக்கு அம்மா, அடுத்ததற்கு நாங்கள், அதற்கடுத்தது பிள்ளைகள். யார் முறையோ அவர் கையில் ரிமோட்.

நேரமும் திரையும்

காலை நாலு மணிக்கு எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் கண் திறந்திருக்க முடியாது. இரண்டு மணிக்குப் படம் போட்டால் குறட்டைதான் கேட்கும். தூங்கவிடுங்கள். நாலு மணிக்கு டீ, நாலே காலுக்குப் படம். நம் மாநிலத்தில் பட்டாசுக்குச் சட்டப்படி அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. தெருவில் யாரும் கடிகாரம் பார்த்து வெடிப்பதில்லை என்பது வேறு விஷயம், இருந்தாலும் ஏழு மணிக்குப் பிள்ளைகளைப் பிடித்து வைக்க முடியாது. நாலே காலுக்குத் தொடங்கினால் இடைவேளை விட்டும் ஏழுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே முடிந்துவிடும்.

டிவி என்றால் படம் போடுவதற்கு முந்தின நாளே செட்டிங்கில் போய் அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங் என்கிற சமாசாரத்தை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பேர் வைத்திருக்கும். அது இருந்தால் கர்ணன் சீரியல் மாதிரித் தெரியும். சவுண்டில் சரவுண்ட், பாஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வசனம் தெளிவாகக் கேட்கும் வகையில் வையுங்கள், பழைய படத்தின் ஒலி அந்த வித்தையைத் தாங்காது.

புரொஜெக்டர் யாரிடமாவது கிடைத்தால் மொட்டை மாடி ஆசை வரும். ஐப்பசி மழையை நம்பி மாடியில் விரிக்காதீர்கள், பொங்கலுக்கு வைத்துக்கொள்ளலாம், அப்போது பனிதான், தலைக்குத் துண்டு போதும். தீபாவளிக்குக் கூடத்துச் சுவர்தான் பத்திரம். திரைக்கு எட்டு முழ வேட்டி அருமையாக இருக்கும். அகலம் ஒன்றேகால் மீட்டர் சுமார், ஸ்கோப் படத்துக்கு அதோடு மூன்று மீட்டர் நீளம் வேண்டும், வேட்டியை அதற்காகவே நெய்த மாதிரி இருக்கும், மிச்சத்தை ஓரத்தில் சுருட்டிக்கொள்ளலாம். கரை மேலேயும் கீழேயும் வந்துவிடும். மெல்லிய துணி என்பதால் வெளிச்சம் ஊடுருவும், பின்னால் இன்னொரு வேட்டியையும் சேர்த்துக் கட்டுங்கள். நாலு மூலையிலும் கிளிப் போட்டு, கீழ் ஓரத்தில் ஒரு கம்பைச் செருகிவிட்டால் மின்விசிறிக் காற்றுக்கு ஆடாது. ஆடினால் ரஜினியின் இடுப்பு நெளியும்.

உட்காருவதற்கு சோபாவை ஓரம் தள்ளிவிட்டுப் பாய் விரியுங்கள். முட்டி வலிக்காரர்களுக்கு மட்டும் நாற்காலி, அதுவும் கடைசி வரிசையில். நெருக்கியடித்து உட்கார வைப்பது வேண்டுமென்றே செய்ய வேண்டிய காரியம், பக்கத்தில் இருப்பவன் சிரித்துக் குலுங்குவது நம் தோளில் தெரிய வேண்டும். போனை எல்லாம் சாமி அறையில் வைக்கச் சொல்லிப் பார்த்தேன், பெரியவர்கள்தான் மறுத்தார்கள்.

இடைவேளையைக் கட்டாயம் விடுங்கள். இப்போது வரும் பிரிண்டுகளில் "இடைவேளை" என்ற எழுத்தையே வெட்டிவிடுகிறார்கள், படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. முன்கூட்டிப் பார்க்கும்போதே, பாதி நேரத்தை ஒட்டி எங்கே கதை முடிச்சுப் போட்டு நிற்கிறது என்று குறித்துவைத்துக்கொண்டு அங்கே நிறுத்துங்கள். பதினைந்து நிமிஷம். அப்போது மட்டும்தான் முறுக்கும் அதிரசமும் வெளியே வர வேண்டும், முதலிலேயே தட்டை நீட்டிவிட்டால் வசனம் கேட்காது. லேகியத்தையும் அந்த நேரத்தில் உருட்டிக் கொடுத்துவிடலாம், இருட்டில் தப்பி ஓட முடியாது. அந்தப் பதினைந்து நிமிஷத்தில்தான் கதைகள் வரும். போன வருஷம் கர்ணனுக்கு இடைவேளை விட்டபோது அம்மா, அந்தக் கொட்டகையில் முன்னால் உட்கார்ந்தவர் மறைக்காமல் இருக்க எல்லோரும் மணலைக் குவித்துக் குவித்து அதன்மேல் உட்காருவோம் என்று ஆரம்பித்து, குவித்த மணலைப் பின்னாலிருந்து பறித்துவிட்டு மாமா வாங்கின அடியில் முடித்தார். இருபத்தைந்து நிமிஷம் ஆனது. நான் படத்தைப் போடவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை.

படம் ஓடும்போது பேசக் கூடாது என்று அதட்டாதீர்கள். அம்மா வசனத்தை முன்கூட்டியே சொல்வார், சொல்லட்டும். யாராவது அந்த நடிகர் இப்போது இருக்கிறாரா என்று கேட்பார்கள், பதில் சொல்லுங்கள். சிவாஜியின் அம்பு யார் மேல் பட்டது என்று தெரியாமல் ஒரு பிள்ளை எழுந்து திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்கும், பார்க்கட்டும். தூங்கிப் போகிறவர்களை எழுப்ப வேண்டாம், நாங்களும் அப்படித்தான் தூங்கிப் போனோம்.

முடிந்ததும் வேட்டியை அன்றைக்கே அவிழ்த்து மடித்து வைத்துவிடுங்கள். போன வருஷம் சுவரிலேயே விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன், காலையில் பெரியப்பா துண்டைக் கட்டிக்கொண்டு வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்.